அப்பா பார்க்காத மழை

அப்பாவின் பாக்கெட் டைரிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. 1989ஆம் ஆண்டு டைரி. மற்றவையெல்லாம் நாங்கள் வீடு மாறியபோது பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விட்டன. இந்த ஒன்று அரிசி டிரம்முக்குப் பின்னால் விழுந்து கிடந்ததால் தப்பியது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் கோலார் தங்கவயல்காரன் என்பது தெரியும். அப்பா சுரங்கத்தில் டைம்கீப்பர். யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று பேரேட்டில் குறிப்பது அவர் வேலை. அந்தப் பழக்கம் வீட்டு டைரிக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இரண்டு குறிப்புகள். 'போகும்போது வெயில். வரும்போது வெயில்.' மார்ச் முழுக்க இதேதான். ஏப்ரல் கடைசி வாரத்தில் மட்டும் மாறுகிறது: 'போகும்போது வெயில். வரும்போது தரை ஈரம்.'

மழை என்று அவர் எழுதவில்லை. தரை ஈரம் என்றுதான் எழுதியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது. மழையை அவர் பார்க்கவில்லை. அது பெய்தபோது அவர் தரைக்குக் கீழே இருந்தார். கேஜ் மேலே வந்து கதவு திறந்ததும் மண்வாசனை அடித்திருக்கும், அவ்வளவுதான். டைம்கீப்பர் கண்ணால் காணாததை எழுத மாட்டார்.

இந்த வாரம் கோடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் அந்த டைரியை எடுத்தேன். மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். ஏப்ரல், மே வந்தால் வானிலைச் செய்திகள் மேசையில் குவியும். ஆலங்கட்டி, சூறாவளி, இடி, அனல்காற்று, 'இதுவரை இல்லாத' என்று தொடங்கும் வெப்பநிலை. பல வருஷமாக இவற்றைத் தமிழாக்கியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். வானம் செய்கிற அதிசயமெல்லாம் சரித்திரமாகிவிடுவதில்லை. பக்கத்தில் ஒருவர் பேனாவோடு இருந்திருக்க வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தமிழ் இலக்கணம் சொல்லும். ஆனியும் ஆடியும் முதுவேனில். பெயரைப் பார்த்தால் இளவேனில் சாது; முதுவேனில்தான் முரடு என்று தோன்றும். வானிலைக் கணக்கு நேர்மாறானது. இந்தியாவில் மிக மோசமான ஆலங்கட்டியும் இடியும் சுழல்காற்றும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம்.

காரணம் எளிது. தரை வெந்து கிடக்கிறது. மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்தில், காற்று இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. கீழே சூடு, மேலே குளிர், இரண்டுக்கும் நடுவே கடலிலிருந்து வந்த ஈரம். சூடான ஈரக்காற்று ஜிவ்வென்று மேலே ஏறுகிறது. ஏறும் வேகத்தில் மேகம் கோபுரமாக வளர்கிறது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் தண்ணீராகவே அலையும் துளிகள் அந்த மேகத்தில் உண்டு. ஒரு சின்னப் பனித்துகள் கிடைத்தால் போதும், அதன்மேல் படிந்து உறையும். மேல்நோக்கி வீசும் காற்று தாங்கும்வரை கட்டி வளரும். தாங்க முடியாதபோது விழும். பெரிய ஆலங்கட்டியை வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். பருவமழை வந்துவிட்டால் மேல்வானமும் வெதுவெதுப்பாகிவிடும். அதனால்தான் ஜூலை மழையில் ஆலங்கட்டி அபூர்வம்.

சங்க இலக்கியத்தில் இதற்கு 'ஆலி' என்று ஒரு சொல் உண்டு. எம்.ஏ. படித்தபோது மனப்பாடம் செய்தது. எங்கள் ஊர் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேட்டுநிலம். விழும் கட்டிகள் உருகுவதற்குச் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம் குறைவு. கோடை மழையில் தகரக்கூரைமேல் ஆலங்கட்டி விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. எங்கள் மாவட்டத்தின் சீனிவாசப்பூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது சங்கீதம் அல்ல. பிஞ்சும் காயும் ஒரே அடியில் தரைக்கு வந்துவிடும். கர்நாடகத்தில் இந்த மழைக்கே மாங்காய் மழை என்றுதான் பெயர். பழத்தைக் கொடுப்பதும் அதுதான், பறிப்பதும் அதுதான்.

1888ஆம் ஆண்டு ஏப்ரல் 30. இன்றைய உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத். அன்று விழுந்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள். ஆடுமாடுகள் 1,600க்கு மேல். கட்டிகள் வாத்து முட்டை அளவு, ஆரஞ்சு அளவு, கிரிக்கெட் பந்து அளவு என்று பதிவாகியிருக்கிறது. திறந்த வெளியில் அகப்பட்டவர்கள் அடிபட்டே செத்தார்கள். குவிந்த பனிக்கட்டியில் குளிர் தாங்காமல் இறந்தவர்களும் உண்டு. சித்திரை வெயிலில், வட இந்தியாவில், குளிரால் சாவு! 2017ஆம் ஆண்டு மே மாதம் உலக வானிலை அமைப்பு மனித உயிரை அதிகம் பறித்த வானிலை நிகழ்ச்சிகளின் பட்டியலை வெளியிட்டது. ஆலங்கட்டிப் பிரிவில் உலக ரிக்கார்டு இன்றும் மொராதாபாத்துக்குத்தான்.

இந்தியாவில் வானிலைத்துறை தொடங்கியது 1875இல். 1864இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இந்த அடிகளுக்குப் பிறகு வந்த துறை அது. மொராதாபாத் சம்பவத்தின்போது அதற்கு வயது 13. பிணங்களை எண்ணவும் கட்டிகளின் அளவைக் குறிக்கவும் ஆள் இருந்தார்கள். அதே சம்பவம் நூறு வருஷம் முன்பு நடந்திருந்தால்? ஊர்ப்பாட்டி ஒருத்தியின் கதையாக நாலு தலைமுறை ஓடி மறைந்திருக்கும். அப்படி மறைந்தவை எத்தனை என்று யார் கண்டது?

வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986 ஏப்ரல் 14ஆம் தேதி விழுந்த ஆலங்கட்டி ஒன்றை எடை போட்டார்கள். 1.02 கிலோ. நம்பகமான எடைக்குறிப்பு உள்ள ஆலங்கட்டிகளில் இதுதான் உலகிலேயே கனமானது. அந்த மழையில் 92 பேர் இறந்தார்கள். மழை பெய்து, ஊர் அலறி, சாவு விழுந்த இடத்தில் அந்தக் கட்டி உருகுவதற்குள் ஒருவர் தராசைத் தேடியிருக்கிறார். அவரைக் கல்நெஞ்சர் என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். எடை தெரிந்தால்தான் எந்தக் கூரை தாங்கும், எது தாங்காது என்று அடுத்த தலைமுறை கணக்குப் போட முடியும்.

மூன்று வருஷம் கழித்து அதே நாட்டில் இன்னொரு ரிக்கார்டு. 1989 ஏப்ரல் 26. மாணிக்கஞ்ச் மாவட்டம், தௌலத்பூர், சாட்டூரியா பகுதி. மாதக்கணக்கில் மழையில்லாமல் காய்ந்து கிடந்த பூமி. மாலையில் வந்தது மழை மட்டுமல்ல, டொர்னாடோவும். ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். டொர்னாடோ என்றால் அமெரிக்கா என்று நினைக்கிறோம். உலகத்திலேயே அதிக உயிரைக் குடித்தது நம் வங்காளத்து டொர்னாடோதான். அப்பா 'தரை ஈரம்' என்று எழுதியதும் அதே வாரம்தான். டைரியில் சாட்டூரியா இல்லை. எங்கள் வீட்டுக்கு அந்த ஊர் செய்தியாகக்கூட வரவில்லை.

நம் பக்கத்துப் பதிவுகள் பழையவை. சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக் கூடத்தில் கருவியைத் தாங்கி நின்ற தூண் அது. லத்தீன் மொழியோடு தமிழிலும் தெலுங்கிலும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எடுக்கத் தொடங்கினார்கள். முதன்முறை அந்தத் தூணைப் பார்த்தபோது ஒரு தமிழ் மாணவனுக்குரிய பெருமிதம் வந்தது. இடி, மின்னல் பற்றி எத்தனையோ பாடி வைத்த மொழி, இங்கே ஒரு கருவிக்குக் காவலாக நிற்கிறது!

அந்தத் தொடர்ச்சியில்தான் இன்றைய எண்கள் அர்த்தம் பெறுகின்றன. 2003 மே 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி செல்சியஸ். 2016 ஏப்ரல் 24ஆம் தேதி பெங்களூரில் 39.2. அதே ஆண்டு மே 19ஆம் தேதி ராஜஸ்தானின் பலோடியில் 51. 'இதுவரை இல்லாத' என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு கேள்வி எழும். இதுவரை என்றால் எதுவரை? நோட்டுப் புத்தகம் தொடங்கிய நாள்வரை. அதற்கு அப்பால் நமக்கு வானம் இல்லை.

தங்கவயலுக்குத் திரும்புகிறேன். ஏப்ரல் 24ஆம் தேதி எங்கள் ஊரில் இன்னொரு விசேஷம் உண்டு. பகல் 12.15 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே உள்ள ஊர்களுக்கெல்லாம் வருஷத்தில் இரண்டு நாள் இப்படி அமையும். எங்களுக்கு மற்ற நாள் ஆகஸ்டில். கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனிஸ் எகிப்தின் சியீன் நகரத்தில் ஒரு நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் என்பதை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அன்று அங்கே கிணற்றின் அடிவரை வெயில் விழும் என்பார்கள். எங்கள் ஊரில் அதைவிட ஆழமான கிணறுகள் உண்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த அடிக்கு எந்த ஏப்ரல் 24ஆம் தேதியிலும் வெயில் போனதில்லை.

வெயில் போகவில்லையே தவிர, சூடு அங்கேயே இருந்தது. பூமிக்குள் இறங்க இறங்கப் பாறையின் வெப்பம் ஏறும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸுக்கும் மேல். பலோடியின் ரிக்கார்டைவிட 14 டிகிரி அதிகம். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தினால்தான் அங்கே மனிதன் வேலை செய்ய முடியும். அப்படிச் செலுத்தியும் கோவணமும் வியர்வையுமாகத்தான் வேலை நடந்தது. டைரியில் அப்பா உள்ளே இருந்த வெயிலை ஒரு நாளும் எழுதவில்லை. ஒரு முறை கேட்டேன். "உள்ளே என்னடா எழுதறது? அங்க எப்பவும் ஒரே காலம்தானே" என்றார்.

அந்த ஒரே காலத்தை அளந்தவர்கள் இருந்தார்கள். நிர்வாகத்தின் பொறியாளர்கள் ஒவ்வொரு மட்டத்திலும் வெப்பமானியைச் செருகிக் குறித்தார்கள். 'ஏர் பிளாஸ்ட்' என்று எங்கள் ஊர் சொல்லும் பாறை வெடிப்பு வேறு. தோண்டித் தோண்டி வெற்றிடமான பாறை அழுத்தம் தாளாமல் வெடித்துச் சிதறும். மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். அந்த அதிர்வுகளையும் கருவி வைத்துப் பதிந்தார்கள்.

இன்னும் சிலரும் இறங்கினார்கள். "நம்ம கேஜிலேயே சட்டை கசங்காத சார்ங்க இறங்குவாங்க. தங்கத்துக்கு இல்லே, வானத்தைப் பாக்கறதுக்கு" என்று அப்பா சொல்வார். கிண்டல் என்று நினைத்தேன். உண்மை.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான், நியூட்ரினோ போன்ற துகள்கள் பிறக்கின்றன. நம் உடம்பையே அவை ஓயாமல் துளைத்துப் போகின்றன. மியூவானைப் பாறை தடுக்கும். நியூட்ரினோவைப் பூமியே தடுக்காது. மற்ற சத்தமெல்லாம் அடங்கிய இடத்தில்தான் நியூட்ரினோவைக் கேட்க முடியும். அதற்கு ஆழமான குழி வேண்டும். ஹோமி பாபா தூண்ட, 1951இல் ஸ்ரீகண்டன் என்ற இளம் விஞ்ஞானி டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தங்கவயலுக்குக் கருவியோடு வந்தார். ஆழத்துக்கு ஆழம் மியூவான்களை எண்ணினார்கள். 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான இடத்தில் கருவியை வைத்து ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூட வரவில்லை.

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஒன்றும் வரவில்லை என்பதையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தப் பூஜ்யம்தான் பெரிய கண்டுபிடிப்புக்கு வாசல் திறந்தது. இத்தனை அமைதியான இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாமே என்று டாடா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் இறங்கின. 1965இல், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அதே ஆண்டு இன்னொரு குழுவும் கண்டது. உலகில் அதற்குமுன் யாரும் கண்டதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில தடங்கள்; ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், கோணம்.

இதே நிறுவனத்தின் ஊட்டி ஆய்வுக்கூடம் பின்னாளில் மியூவான்களை வைத்து இடிமேகத்தையே அளந்தது. மேகத்துக்குள் இருக்கும் மின்னழுத்தம் மியூவான்களின் எண்ணிக்கையைச் சற்றே மாற்றும். 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை 184 இடிமழைகளை ஆராய்ந்தார்கள். 2014 டிசம்பர் 1ஆம் தேதி வந்த ஒரு மேகத்தில் 130 கோடி வோல்ட். 2019இல் அது கட்டுரையாக வந்தபோது அந்தச் செய்தியைத் தமிழாக்கிய நான், எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

இத்தனையும் பெருமைக்குரிய விஷயங்கள். மறுப்பில்லை. ஆனால் அதே தங்கவயலில், அதே வருஷங்களில், தரைக்கு மேலே வேறொரு வானிலை இருந்தது.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய தூள். 13 குன்றுகள், சுமார் 3.3 கோடி டன். பார்ப்பதற்குப் பாலைவனம் மாதிரி இருக்கும். சினிமாக்காரர்களுக்கு இஷ்டமான இடம். தமிழில் 'கோடை' என்ற சொல்லுக்குப் பருவம் என்பதோடு மேல்காற்று என்றும் ஒரு பொருள் உண்டு. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கே கோடை. அந்தக் கோடை கிளம்பினால் எங்கள் குன்றுகளும் கிளம்பும். சித்திரை மழைக்கு முன்னால் ஒரு புழுதிக்காற்று வரும். அரைமணி நேரம் தெரு தெரியாது. ஆடியில் நாள்கணக்கில் வீசும்.

அம்மாவின் கோடை இதுதான். தண்ணீர்க் குடத்துக்கு ஈரத்துணி கட்டுவது, கொடியிலிருந்து துணியை ஓடிப்போய் எடுப்பது, வடகம் காயப்போட்ட பாயைச் சுருட்டுவது, பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவடைப்பது. ராத்திரி சோற்றில் பல்லில் நறநற. வீட்டுக்கு வீடு இருமல். 'மேட்டு மண்ணு' என்று எல்லோரும் சொல்லுவோம். அதற்குமேல் சொல்ல எங்களுக்குச் சொல் இல்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் வந்து மண்ணையும் தண்ணீரையும் சோதித்துக் கட்டுரைகள் எழுதினார்கள். ஆனால் எந்த வருஷம் எத்தனை நாள் காற்று வீசியது, எந்தத் தெருவில் எத்தனை பேர் இருமினார்கள் என்று வீட்டிலிருந்து எழுதப்பட்ட குறிப்பு ஒன்றும் இல்லை. அப்பா டைரியிலும் இல்லை. புழுதி அடித்த நேரங்களில் அவர் கீழே இருந்தார்.

அம்மாவிடம் போன மாதம் கேட்டேன். "ஏம்மா, நீயாவது காலண்டர்ல குறிச்சு வெச்சிருக்கக் கூடாதா?"

அம்மா சிரித்தார். "எழுதினா காத்து நின்னுடுமாடா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. பதில் அகமதாபாத்தில் இருந்தது.

2010 மே மாதம் அகமதாபாத்தை வெப்ப அலை தாக்கியது. 21ஆம் தேதி 46.8 டிகிரி. வெயிலில் செத்தவர்கள் என்று அப்போது கணக்கில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பிறகு ஆய்வாளர்கள் வேறொரு வழியில் எண்ணினார்கள். காரணத்தையே கேட்கவில்லை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டை எடுத்து, அந்த மாதம் மொத்தம் எத்தனை சாவு என்று பார்த்தார்கள். 4,462. முன்னும் பின்னும் இருந்த ஆண்டுகளின் மே மாதச் சராசரி 3,118. வித்தியாசம் 1,344. அத்தனை பேரும் மாரடைப்பு, காய்ச்சல், முதுமை என்று ஏதோ ஒரு பெயரில் போனவர்கள். காரணம் தெரியாமல் எழுதிய குமாஸ்தாக்களின் கையெழுத்தில் காரணம் ஒளிந்திருந்தது!

இந்த அனுபவத்துக்குப் பின் 2013இல் அகமதாபாத் ஒரு வெப்பச் செயல்திட்டம் தீட்டியது. தெற்காசியாவிலேயே முதல் திட்டம் அது. முன்னெச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், மருத்துவமனைகளுக்குப் பயிற்சி. வெயில் நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது. ஆனால் வெயிலுக்கு முன்னால் ஊர் எழுந்து நின்றது. பிற நகரங்களும் பின்பற்றின.

காகிதத்துக்கு இன்னொரு சக்தியும் உண்டு. 2021 முதல் 2026 வரையிலான நிதிக்குழுக் காலத்துக்கு மத்திய அரசு வைத்த பேரிடர் பட்டியலில் 12 இனங்கள். ஆலங்கட்டி உண்டு. வெப்ப அலை இல்லை, இடிமின்னலும் இல்லை. ஆலங்கட்டி அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. உடைந்த ஓடு சாட்சி, விழுந்த மாங்காய் சாட்சி. வெயிலுக்குச் சாட்சி கிடையாது. கொத்தனாரோ, சாலைப்பணியாளரோ மாலையில் வீட்டுக்கு வந்து படுத்து, எழுந்திருக்காமல் போனால் அது வானிலை என்று யாருக்கும் தோன்றாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல காரியம். ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்பது எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டுமே. எந்தத் தேதி, என்ன வெயில், எத்தனை மணி நேரம் வெளியில் நின்றார்? மேஸ்திரி எழுதுவாரா? அந்த வீட்டுப் பெண்ணின் கையில் என்ன காகிதம் இருக்கும்?

மொராதாபாத்தில் 246 என்று எண்ண முடிந்தது. அப்பாவின் சுரங்கத்தில் நியூட்ரினோக்களை ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தது. எண்ண வேண்டும் என்று யாராவது நினைத்ததெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது. கருவி இல்லை என்பது பெரும்பாலும் சாக்குத்தான்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு நின்றுபோனது. நூற்றிருபது வருஷச் சங்கொலி ஓய்ந்தது. இப்போது ஊர்க்காரர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போகிறார்கள். கட்டட வேலை, கம்பெனி வேலை, செக்யூரிட்டி வேலை. திரும்ப இரவாகிறது. அவர்களும் ஊரின் மழையைப் பார்ப்பதில்லை. ஸ்டேஷனில் இறங்கி, தரை ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில் மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் அச்சில் இருந்தன. மூன்று கட்டங்களில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. அம்மாவுக்கு எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் படித்தேன்.

'சாய்ங்காலம் 4 மணி. மண்ணு.'

அடுத்த கட்டத்தில், 'மண்ணு. எதுர்வூட்டுப் பாப்பாவுக்கு இருமல்.'

மூன்றாவதில், 'மழை. நல்ல மழை.'